மோஞ்சு சோடியக் கசிவு: சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழலும் அதன் வடிவமும்

1995 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை இரவு 7:47. ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில், சுருகா நகரத்தை ஒட்டிய கடற்கரையில், தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியத்தால் வெப்பத்தைக் கடத்தும் மோஞ்சு அணு உலையின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு வெப்பநிலை அலாரம் அடித்தது. ஒரு நிமிடத்துக்குள் தீ அலாரம், அப்புறம் சோடியம் கசிகிறது என்ற அலாரம். மின்சாரம் கொடுக்கத் தொடங்கி நாலு மாதம்கூட நிறையாத உலை அது, 40 சதவீத சக்தியில் சோதனை ஓட்டத்தில் இருந்தது. முதலில் சின்னக் கசிவு என்று நினைத்து சக்தியை மெதுவாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். புகை அதிகமானதும் 9:20க்குத்தான் உலையைக் கையால் நிறுத்தினார்கள், குழாயில் இருந்த சோடியத்தை முழுக்க வடித்து முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. அதற்குள் சுமார் 640 கிலோ சோடியம் வெளியே கொட்டி, காற்றுபட்டு எரிந்து, கீழே இருந்த காற்றோட்டக் குழாயையும் நடைபாதைக் கம்பி வலையையும் ஓட்டையாக்கி, தரையில் போட்டிருந்த எஃகுத் தகட்டின் மேல் குவிந்து கிடந்தது.

கொட்டியது இரண்டாம் சுற்றின் சோடியம், அதாவது உலையின் மையத்தைத் தொடாமல் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நீராவி உண்டாக்கப் போகும் சோடியம். அதனால் கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை, யாருக்கும் காயமில்லை, அணு நிகழ்வுகளுக்கான சர்வதேச அளவுகோலில் இதற்குக் கிடைத்தது வெறும் நிலை 1. ஆனாலும் அந்த உலை அடுத்த 14 வருஷம் ஓடவில்லை.

காரணம் என்ன என்று தேடிப் போனால் கடைசியில் கையில் கிடைப்பது சுமார் 10 மில்லிமீட்டர் தடிமனும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு உலோகக் குழல். ஆலைகளில் கருவிப் பிரிவில் வேலை செய்பவர்கள் இதைத் தெர்மோவெல் என்பார்கள். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை ஓடுகிற திரவத்தில் நேரடியாக விட முடியாது, அதனால் நுனி மூடிய ஒரு குழலைப் பெரிய குழாயின் சுவர் வழியாக உள்ளே நீட்டி, அதற்குள் கம்பியைச் செருகுவார்கள். ஓட்டத்தின் கண்ணோட்டத்தில் அது குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடை, ஆற்று நடுவில் நட்ட முளைக்குச்சி மாதிரி. மோஞ்சுவில் அந்தக் குழல் ஒடிந்து, நுனி ஓட்டத்தோடு போய்விட்டது. மூடியிருந்த குழல் திறந்த குழலாகிவிட்டதால் அது வழியாகவே சோடியம் வெளியே வந்தது.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பிறகு நடந்த மூடிமறைப்பைத்தான் பேசுவார்கள், உலையை நடத்திய அரசு நிறுவனம் சேதத்தைக் காட்டும் வீடியோவை வெட்டி வெளியிட்டது, நாடே கொதித்தது. அது பேசப்பட வேண்டிய விஷயம்தான், நிறையவும் பேசியாகிவிட்டது. எனக்கு இங்கே சொல்ல வேண்டியது வேறு: அந்தக் குழலின் வடிவம் ஓட்டத்தை என்ன செய்தது, ஓட்டம் திருப்பி அந்தக் குழலை என்ன செய்தது, வடிவமைத்தவர்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை.

தடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது

வாய்க்காலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் வந்து மோதி இரண்டாகப் பிரியும், குச்சியின் வளைவைக் கொஞ்ச தூரம் ஒட்டிப் போகும், அப்புறம் ஒட்டிக்கொண்டிருக்க முடியாமல் பிய்ந்துகொண்டு விலகும். பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி உருவாகி, அதை நிரப்பத் தண்ணீர் சுருண்டு வரும், அந்தச் சுருள்தான் சுழல். வலப்பக்கம் ஒன்று வளர்ந்து பிரிந்து போகும், அது போனதும் இடப்பக்கம் ஒன்று, மறுபடி வலப்பக்கம் என்று மாறி மாறி உதிரும். இந்த வரிசையை 1911இல் கணக்காக விளக்கியவர் தியோடர் வான் கார்மன், அதனால் கார்மன் சுழல் வரிசை என்று பெயர். அதற்கும் முன்பே, 1878இல், காற்றில் கம்பி ஏன் ரீங்காரமிடுகிறது என்று ஆராய்ந்த வின்சென்ட்ஸ் ஸ்ட்ரூஹல் ஒரு எளிய உறவைக் கண்டிருந்தார்: சுழல் உதிரும் வேகம் ஓட்டத்தின் வேகத்தோடு ஏறும், தடையின் தடிமன் கூடினால் இறங்கும். உதிரும் அதிர்வெண்ணைத் தடிமனால் பெருக்கி ஓட்ட வேகத்தால் வகுத்தால் ஒரு எண் வரும், உருண்டைத் தண்டுக்கு வேகம் எவ்வளவோ மாறினாலும் அது ஏறக்குறைய 0.2.

வடிவம் முதலில் தலையிடும் இடம் ஓட்டம் பிய்ந்து விலகும் அந்தப் புள்ளிதான். சதுரத் தண்டாக இருந்தால் ஓட்டம் முனையில் பிய்ந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. உருண்டைத் தண்டில் அந்தப் புள்ளி நிலையாக இருக்காது, ஓட்டத்தின் வேகத்தையும் மேற்பரப்பின் சொரசொரப்பையும் பொறுத்து முன்னும் பின்னும் நகரும், தண்டே ஆடினால் அந்த ஆட்டத்தோடும் நகரும். மீன் மாதிரி பின்பக்கம் நீண்டு ஒடுங்கிய வடிவத்தில் ஓட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போய்விடும், பின்னால் சுழலுக்கு இடமே இருக்காது. இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். மோஞ்சுவில் இதை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், மறக்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் வைத்தார்கள். ஆனால் பாதிக் கணக்கு.

போட்ட கணக்கும் போடாத கணக்கும்

சுழல்கள் மாறி மாறி உதிரும்போது குழலை இடமும் வலமுமாக, அதாவது ஓட்டத்துக்குக் குறுக்காக, இழுக்கும். அந்த இழுப்பின் தாளமும் குழலின் சொந்தத் தாளமும் (தட்டினால் எந்த அதிர்வெண்ணில் அதிருமோ அது) நெருங்கிவிட்டால் ஆட்டம் பெருகும். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தெர்மோவெல் விதி, சுழல் உதிரும் அதிர்வெண் குழலின் சொந்த அதிர்வெண்ணில் 0.8 பங்கைத் தாண்டக் கூடாது என்றது.

கைக்கணக்காக நானே போட்டுப் பார்த்தேன். முழு ஓட்டத்தில் சோடியம் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம், குழலின் தடிமன் 10 மில்லிமீட்டர், வேகத்தைத் தடிமனால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் சுழல் உதிர்வது நொடிக்கு 100 தடவை. 15 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் அப்படியொரு எஃகுக் குழலின் சொந்த அதிர்வெண், அந்தச் சூட்டில் எஃகு இளகுவதையும் சுற்றியுள்ள சோடியத்தின் எடையையும் சேர்த்தால், தோராயமாக நொடிக்கு 260 வரும். 100க்கும் 260க்கும் உள்ள விகிதம் 0.4க்கும் கீழே. விதி சொல்லும் எல்லையில் பாதிதான், தாராளமாகப் பாஸ். தாளில் இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டுவிடுவார், நானும் போட்டிருப்பேன்.

ஆனால் ஓட்டம் குழலைக் குறுக்காக மட்டும் ஆட்டுவதில்லை, தான் போகும் திசையிலேயே முன்னும் பின்னுமாகவும் ஆட்டும். குழல் அந்தத் திசையில் லேசாக ஆட ஆரம்பித்ததும் பின்னால் இருக்கும் சுழல்கள் மாறி மாறி உதிர்வதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஜோடி ஜோடியாக உதிரத் தொடங்கும். சமச்சீர் சுழல் உதிர்வு என்பது இதுதான். குழல் ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வர, ஒரு ஜோடி உதிரும். ஜோடி உதிர உதிர ஆட்டத்துக்கு மேலும் உந்துதல் கிடைக்கும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது திரும்பி வரும் சமயம் பார்த்துத் தள்ளுவது போல, ஆனால் இங்கே எப்போது தள்ள வேண்டும் என்பதை ஊஞ்சலே முடிவு செய்கிறது.

இது நடக்கும் வேகம்தான் சிக்கல். ஓட்டத்தின் வேகத்தைக் குழலின் சொந்த அதிர்வெண்ணாலும் தடிமனாலும் வகுத்தால் ஒரு எண் வரும். குறுக்காட்டம் உச்சத்துக்கு வருவது அந்த எண் 5ஐ நெருங்கும்போது. ஓட்டத் திசை ஆட்டமோ சுமார் 1.25க்கும் 2.5க்கும் இடையிலேயே வந்துவிடும். அதாவது குறுக்காட்டத்துக்குப் பயந்து நாம் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோமோ, அந்தத் தூரத்துக்குள்ளேயே இன்னொரு ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. மேலே போட்ட கைக்கணக்கை இதில் வைத்தால் 5ஐ 260ஆலும் 0.01ஆலும் வகுக்க, விடை 1.9. அந்த வரம்புக்கு நட்ட நடுவே.

நொடிக்கு 260 ஆட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல், ஒரு நாளில் இரண்டே கால் கோடி. ஆட்டத்தின் அளவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தாலும் எஃகு இவ்வளவு தடவை வளைந்தால் களைத்துப் போகும். உலோகச் சோர்வு என்பது பெயருக்கேற்ற விஷயம். மோஞ்சுவில் விரிசல் விழுந்தது அந்த டிசம்பர் இரவில் இல்லை, அதற்கு முன் முழு ஓட்டத்தில் பம்புகளை ஓட்டிச் சோதித்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. டிசம்பர் 8 அன்று நடந்தது ஏற்கெனவே அறுந்துகொண்டிருந்த கயிற்றின் கடைசி இழை போனது மட்டும்தான்.

சோடியம் என்றதும் பாகு போன்ற கனமான உலோகம் என்று தோன்றும், அதனால் அதில் சுழலெல்லாம் சீக்கிரம் அடங்கிவிடும் என்றும் தோன்றும். உண்மையில் 480 டிகிரி செல்சியஸில், அதாவது அந்தக் குழாயில் இருந்த சூட்டில், அது தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசானது, இயங்கு பாகுத்தன்மையோ கொதிக்கும் தண்ணீரின் அளவுதான். அடங்குவதற்கு அங்கே பாகுத்தன்மை உதவாது. இதிலேயே ஒரு நன்மையும் உண்டு, சோடியத்தைத் தொடாமல் வெறும் தண்ணீர்க் குழாயில் வைத்தே இந்த ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம். விபத்துக்குப் பிறகு அப்படித்தான் பார்த்தார்கள். முன்பே பார்த்திருக்கலாம் என்பதுதான் மனசை அறுக்கிறது.

அந்தப் படி

இனி வடிவத்துக்கு வருவோம், ஏனென்றால் மேலே சொன்ன ஆட்டம் மட்டும் அந்தக் குழலை ஒடித்துவிடவில்லை.

மோஞ்சுவின் தெர்மோவெல் முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் இல்லை. சுவரை ஒட்டிய அடிப்பகுதி தடியாகவும், அதற்கு மேல் திடீரென்று மெலிந்து 10 மில்லிமீட்டராகவும் இருந்தது. ஏன் மெலிய வேண்டும்? நுனி மெல்லியதாக இருந்தால்தான் வெப்பநிலை மாற்றம் உள்ளே இருக்கும் கம்பிக்குச் சட்டென்று போய்ச் சேரும். நியாயமான தேவை. ஆனால் தடிமன் இறங்கும் இடத்தைச் சாய்வாகவும் செய்யலாம், வளைவாகவும் செய்யலாம், படிக்கட்டு மாதிரி நேர்கோணத்திலும் வெட்டலாம். அங்கே இருந்தது படி.

படி மூன்று விதத்தில் கெடுத்தது. முதலாவது, வளையும்போது வரும் விசையெல்லாம் அந்த உள்மூலையில் போய்க் குவியும், கூரான உள்மூலை என்பது விரிசலுக்கு நாமே வரைந்து கொடுத்த கோடு. ஒடிந்ததும் சரியாக அங்கேதான். இரண்டாவது, மெலிந்த நீளமான நுனி முழுக்க ஒரே தடிமனில் இருந்ததால் அந்த 15 சென்டிமீட்டரும் ஒரே தாளத்தில் சுழலை உதிர்த்தது. மேலிருந்து கீழ் வரை எல்லாச் சுழலும் கை கோத்துக்கொண்டு ஒரே சமயத்தில் இழுக்கும். கொந்தளிப்பு என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ஒழுங்கில்லாத கொந்தளிப்பு ஒரு தண்டை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஓர் இடத்தில் இழுப்பதை இன்னோர் இடம் தள்ளிச் சரிக்கட்டிவிடும். ஒழுங்காகச் சேர்ந்து இழுக்கும் சுழல்தான் ஒடிக்கும். மூன்றாவது, மெலிய மெலிய குழலின் சொந்த அதிர்வெண் இறங்கும், அது ஓட்டத்தின் பிடிக்குள் வருவது எளிதாகும்.

ஆக வேகமாக அளக்க வேண்டும் என்ற ஒரே விருப்பத்துக்காகச் செய்த வடிவ மாற்றம் ஓட்டத்தையும் மாற்றியது, குழலின் தாளத்தையும் மாற்றியது, அதன் வலுவையும் மாற்றியது. இந்த மூன்றும் மூன்று தனித்தனி மேசைகளில் பார்க்கப்படும் விஷயங்கள். என் அனுபவத்தில் இங்கேதான் எல்லாம் நழுவும்.

பல வருஷம் முன்பு நான் இருந்த ஒரு ஆலையில் வெந்நீர்க் குழாய் ஒன்றில் பம்பை மாற்றி ஓட்டத்தைக் கூட்டினார்கள். அடுத்த சில மாதத்தில் ஒரு தெர்மோவெல் அடியோடு ஒடிந்து வெந்நீர் பீய்ச்சியடித்தது. நல்லவேளை யாரும் பக்கத்தில் இல்லை. இரும்பு சரியில்லை என்று சொல்லி அதே வரைபடத்தில் இன்னொன்று செய்து மாட்டினோம், அதுவும் போனது. அப்புறம்தான் ஒருவர் ஓட்ட வேகத்தைக் கேட்டார். பம்பை மாற்றியவர் அந்தக் குழாயில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசிக்கவில்லை, குச்சியை வாங்கியவரிடம் பம்பு மாறியதை யாரும் சொல்லவில்லை. மோஞ்சுவின் ஆய்வறிக்கைகளைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த வெந்நீர்தான்.

தெரியாத விஷயமா?

இல்லை. இதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில், இம்மிங்ஹாம் என்ற இடத்தில் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஒரு இறங்குதுறை கட்டினார்கள். அதற்காக நட்ட எஃகுத் தூண்கள், இன்னும் மேலே எதுவும் கட்டாத நிலையில், ஓதம் ஏறி இறங்கும்போது ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தன. குறுக்காட்டத்துக்குத் தேவையான வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில். ஏன் என்று ஆராய்ந்தவர்கள்தான் ஜோடியாக உதிரும் சுழல்களையும், மேலே சொன்ன வரம்பையும் தெளிவாக எழுதி வைத்தார்கள். மோஞ்சு ஒடிவதற்குக் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு முன்னால்.

அந்த அறிவு கடல் கட்டுமானக்காரர்களிடம் இருந்தது, தெர்மோவெல் செய்கிறவர்களிடம் வரவில்லை. இதற்கு ஒரு காரணமும் உண்டு. காற்றிலோ நீராவியிலோ ஓட்டத் திசை ஆட்டம் பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லாதது, ஏனென்றால் வாயு மிக லேசு, எஃகுக்குள்ளேயே இருக்கும் கொஞ்சநஞ்ச அதிர்வுத் தணிப்பே அதை அடக்கிவிடும். தெர்மோவெல் விதிகள் முக்கியமாக நீராவிக் குழாய்களை மனதில் வைத்து வளர்ந்தவை. தண்ணீர், சோடியம் மாதிரி கனமான திரவத்துக்கு அதே விதியைக் கொண்டுபோனபோது அந்த விதி பேசாமல் விட்ட பாதி முக்கியமாகிவிட்டது. விதியில் எழுதியிருப்பதைச் சரிபார்ப்பது பழக்கம், விதி எதற்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது பழக்கமில்லை.

எந்த வடிவம் தப்பித்திருக்கும்

சட்டென்று தோன்றுவது மீன் வடிவம். ஆனால் குழாய்க்குள் அது அவ்வளவு நல்லதில்லை, மீன் வடிவம் நேர் எதிரே வரும் ஓட்டத்துக்குத்தான் நல்லது, கொஞ்சம் கோணலாக மாட்டிவிட்டாலோ வளைவைத் தாண்டி வரும் ஓட்டம் முறுக்கிக்கொண்டு வந்தாலோ இறக்கை மாதிரி தூக்கும் விசை உண்டாகி வேறு விதமாக ஆட்டும். உருண்டைக்கு அந்தக் கவலையில்லை, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

புகைபோக்கிகளின் உச்சியில் திருகு மாதிரி சுற்றிக்கொண்டு போகும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக இல்லை. 1950களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டன் குழுவினர் கொண்டுவந்த யோசனை அது. ஒவ்வொரு உயரத்திலும் ஓட்டம் வேறு வேறு இடத்தில் பிய்யும்படி செய்துவிட்டால் சுழல்கள் கை கோக்க முடியாது. அது கொந்தளிப்பைக் குறைப்பதில்லை, எதிர்ப்பு விசையைக் கூட்டவும் செய்யும். ஆனால் ஒழுங்கை உடைத்துவிடும்.

நுனி நோக்கிக் கூம்பிப் போகும் குழல் இதையே அமைதியாகச் செய்கிறது. தடிமன் இடத்துக்கிடம் மாறுவதால் சுழலின் தாளமும் இடத்துக்கிடம் மாறுகிறது. அடி தடியாக இருப்பதால் விறைப்பு கூடுகிறது, நுனி மெல்லியதாக இருப்பதால் எடையும் வேகமான அளவீடும் சரியாகிறது, திடீர் மூலை எங்கும் இல்லை. மோஞ்சுவில் மாற்றாக வடிவமைத்தது இதைத்தான்: கூம்பு வடிவம், முன்பைவிடக் குட்டையான நீளம். குட்டையாக்குவதன் பலனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், நீளம் பாதியானால் சொந்த அதிர்வெண் நாலு மடங்காகும்.

விதிகளும் மாறின. ஜப்பான் இயந்திரப் பொறியாளர் சங்கம் 1998இல் குழாய்க்குள் நீட்டும் உருளைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. மேலே சொன்ன வகுத்தல் எண்ணை 1க்குக் கீழே வைத்திரு, முடியாவிட்டால் அதற்கேற்ற எடையும் தணிப்பும் இருக்கிறது என்று காட்டு என்பது அதன் சாரம். அமெரிக்க விதி 2010இல் தனி ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்டபோது ஓட்டத் திசை ஆட்டமும் கட்டாயக் கணக்காக உள்ளே வந்தது. இன்றைக்கு ஒரு தெர்மோவெல்லுக்கு அதிர்வுக் கணக்குக் கேட்டால் இரண்டு திசைக்கும் சேர்த்துத்தான் வரும். வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

கல்பாக்கத்தில் 1985 முதல் ஒரு சோடிய உலை இருக்கிறது, 500 மெகாவாட் ஈனுலையின் மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. சோடியம் ஓடும் குழாயில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குச்சியும் நமக்கும் சம்பந்தப்பட்டதுதான். அங்கே வேலைக்குப் போக நினைக்கும் இயந்திரவியல் பிள்ளைகள் மோஞ்சுவின் வரைபடத்தை ஒருமுறையாவது கையில் எடுத்து, அந்தப் படியின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மோஞ்சு 2010 மே 6 அன்று மறுபடி ஓட ஆரம்பித்தது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் எரிபொருள் மாற்றும் 3.3 டன் இயந்திரம் ஒன்று உலைக்கலனுக்குள் விழுந்தது. அதன் பிறகு உலை ஓடவேயில்லை, 2016 டிசம்பரில் கலைத்துவிடுவது என்று ஜப்பான் அரசு முடிவெடுத்தது.